தேக்சா கழுவிய தண்ணீர்

என் மனைவி கோலார் தங்கச் சுரங்கத்தை ஒட்டிய ஆண்டர்சன்பேட்டையில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கிறாள். கல்யாணம், காதுகுத்து, ஞானஸ்நானம், முப்பதாம் நாள், கட்சிக் கூட்டம் என்று எது நடந்தாலும், பெரிய அளவில் சமைக்க வேண்டுமென்றால் முதலில் அவளைத்தான் தேடி வருவார்கள். பிரியாணி செய்கிற தேக்சா, அண்டா, ஜல்லிக் கரண்டி, சோறு வடிக்கும் கூடை, தண்ணீர் டிரம், இரும்பு அடுப்பு எல்லாம் அவளிடம் உண்டு.

மைன்ஸ் மூடிய பிறகு அதன் கேன்டீன் ஒன்றின் சாமான்களை ஏலம் விட்டார்கள். அதில் ஒரு ஆள் உள்ளே இறங்கி உட்காரக்கூடிய அளவில் சில தேக்சாக்கள் இருந்தன. யாரும் அவற்றைக் கேட்கவில்லை. என் மனைவி கேட்டாள். "இத்த வெச்சிக்கினு இன்னா பண்றது?" என்றேன். "பெரிய கல்யாணம் பண்றவங்க தேடி வருவாங்க, பாருங்க" என்றாள். கடை அப்படித்தான் ஆரம்பித்தது. இன்றைக்கும் எங்கள் ஊரில் அந்த அளவு தேக்சா வேறு யாரிடமும் இல்லை.

நான் பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பிரிவில் இருக்கிறேன். இந்த ஊர் ஆண்களில் பாதிப்பேரைப் போலக் காலை ரயிலில் போய் இரவு ரயிலில் திரும்புகிறவன். திங்கட்கிழமை எனக்கு வார விடுமுறை. கடையில் அன்றைக்குத்தான் கழுவுகிற வேலை அதிகம். ஞாயிற்றுக்கிழமை விசேஷங்களுக்குப் போன பாத்திரமெல்லாம் மினி லாரியில் வந்து பின்கட்டில் இறங்கும். ஆட்டுக் கொழுப்பும் டால்டாவும் மசாலாவும் உறைந்து, ஓரமெல்லாம் மெழுகு பூசியதுபோல இருக்கும். பாத்திரம் தேய்க்கிற மூன்று பெண்களும் என் மனைவியும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். அடுப்பில் வெந்நீர் கொதிக்கும். சோப்புத்தூள், இரும்பு நார், அடி பிடித்ததற்குக் கொஞ்சம் ஆசிட். கழுவிய தண்ணீர் பின்கட்டுச் சுவரில் இருக்கும் ஓட்டை வழியாக வெளியே போகும்.

சுவருக்கு அந்தப் பக்கம் காவா. கால்வாய் என்று எழுத வேண்டும். எங்கள் வாயில் அது காவாதான். பஜாரின் பின்புறமாக ஓடி, சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளைத் தாண்டி, தைல மரத் தோப்புக்குள் நுழைந்து, கீழே ஒரு கிராமத்து ஏரியில் போய்ச் சேரும். எங்களுக்கு மேலே ஒரு பிரியாணி ஓட்டல், பக்கத்தில் இன்னொரு பாத்திரக் கடை, கொஞ்சம் கீழே வண்டி கழுவும் வாட்டர் சர்வீஸ், அதற்கும் கீழே கறிக்கடைகள். எல்லோருடைய பின்கட்டும் அந்தக் காவாவைப் பார்த்துத்தான் இருக்கிறது.

கொரோனாவுக்குப் பிறகு கல்யாணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. தள்ளிப் போட்டவையெல்லாம் சேர்ந்து ஒரே வேகத்தில் நடந்தன. கூடவே நல்ல மழை. வருஷக்கணக்காகக் காய்ந்து கிடந்த ஏரிகளெல்லாம் நிரம்பின. கடைக்கு நல்ல காலம், விவசாயிகளுக்கும் நல்ல காலம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு திங்கட்கிழமை காலை ஒருவர் வந்தார். சொந்த ஊர் பூதிகோட்டை என்றும், காவா போய்ச் சேரும் ஏரிக்குப் பக்கத்தில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத் தக்காளி வைத்திருப்பதாகவும் சொன்னார். கையில் ஒரு சிமென்ட் பை. பையிலிருந்து உருளையாக ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். சொட்டுநீர்ப் பாசனத்துக்குப் பம்ப் பக்கத்தில் மாட்டுகிற ஃபில்டர். அதன் வலை முழுக்க வெள்ளையாகக் கொழுப்பு அப்பியிருந்தது. நடுநடுவே பழுப்பாக என்னவோ.

"நோடும்மா," என்றார் என் மனைவியிடம். தெலுங்கும் கன்னடமும் கலந்த தமிழ் அவருடையது. "எடுத்து மோந்து நோடு."

அவள் தயங்கவில்லை. எடுத்து முகர்ந்தாள். பழுப்பாக இருந்ததில் ஒன்றை நகத்தால் கிள்ளி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"கிராம்பு," என்றாள். இன்னொன்றைக் கிள்ளினாள். "இது பிரிஞ்சி இலை."

"என் தோட்டத்துல கிராம்பு வெக்கலம்மா நானு. டமாட்டோ வெச்சிருக்கேன்."

ஏரியின் வாயிலிருந்து காவா ஓரமாகவே பைக்கை உருட்டிக்கொண்டு வந்திருக்கிறார். வாட்டர் சர்வீஸில் கேட்டிருக்கிறார், ஓட்டலில் கேட்டிருக்கிறார். ஓட்டல்காரர் எங்கள் கடையைக் கை காட்டியிருக்கிறார்.

எனக்குக் கோபம் வந்தது. "ஊரு சாக்கடையே அதுல தான் போவுது. கறிக்கடை ரத்தம் போவுது, வண்டி ஆயில் போவுது. எங்கள மட்டும் வந்து கேட்டா இன்னா அர்த்தம்?" என்றேன்.

என் மனைவி என் பக்கம் திரும்பாமலே, "நீங்க போய் டீ சொல்லிட்டு வாங்க," என்றாள். நான் டீயோடு திரும்பி வந்தபோது அவள் செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டர் சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள். "அண்ணா கூடப் போய்ப் பாத்துட்டு வரலாம். நீங்களும் வாங்க."

அவர் தன் பைக்கில் முன்னால் போக, என் மனைவி ஸ்கூட்டரை ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து போனேன். தைலத் தோப்பைத் தாண்டியதும் மண் பாதை. ஏரி உண்மையிலேயே அழகாக இருந்தது. இத்தனை தண்ணீரை அந்தப் பக்கத்தில் நான் பார்த்ததில்லை. கொக்குகள் நின்றிருந்தன. ஆனால் காவா உள்ளே நுழைகிற மூலையில், கோரைப்புல்லின் அடியெல்லாம் வெள்ளையாக ஒரு படலம். காற்று அடிக்கும்போது அது அசைந்தது, ஆனால் உடையவில்லை. கஞ்சியில் ஏடு கட்டியதுபோல இருந்தது. நாற்றம் சாக்கடை நாற்றம் இல்லை. பழைய பிரியாணியின் நாற்றம். அது எங்கள் பின்கட்டில் திங்கட்கிழமை மாலையில் வீசுகிற அதே வாடை என்று இருவருக்கும் தெரிந்தது.

அவருடைய பம்ப் அந்த மூலையிலிருந்து கொஞ்சம் தள்ளித்தான் இருந்தது. மேட்டில் தக்காளித் தோட்டம். செடிகளின் ஓரமாகக் கறுப்புக் குழாய்கள் ஓடின. அவருடைய மனைவி வரப்பில் குனிந்து உட்கார்ந்து, ஒவ்வொரு குழாயாகத் தூக்கி, சொட்டுகிற துளையைச் சேஃப்டி பின் வைத்துக் குத்திக்கொண்டிருந்தார். துளை அடைத்த இடத்திலெல்லாம் செடி வாடி நின்றது. பக்கத்துச் செடி பச்சையாக, அடுத்தது வாடி, அதற்கடுத்தது பச்சையாக. பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது அந்த வரிசை.

"இதே வேலையா இருக்கீங்களாக்கா?" என்று என் மனைவி கேட்டாள்.

"ஒரு பக்கம் முடிச்சிட்டு வந்தா இந்தப் பக்கம் அடைச்சிக்கும்," என்றார் அந்த அம்மா.

என் மனைவி தன் புடவை மடிப்பில் குத்தியிருந்த பின்னைக் கழற்றினாள். வரப்பில் உட்கார்ந்து அடுத்த குழாயை எடுத்தாள். அந்த அம்மா, "ஐயோ, உனக்கு எதுக்கும்மா," என்றார். என் மனைவி அந்த வரிசை முடியும்வரை குத்திக்கொண்டே போனாள். நான் வெயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நானும் உட்கார்ந்தேன்.

திரும்பி வரும் வழியில் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தி, "உங்க ஃபேக்டரி கேன்டீன்ல பாத்திரம் கழுவுற தண்ணிய இன்னா பண்றாங்க?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி எனக்கு அதுவரை தோன்றவில்லை. எங்கள் தொழிற்சாலை கேன்டீனுக்குப் பின்னால் ஒரு தொட்டி இருக்கிறது. உள்ளே தடுப்பு வைத்து மூன்று அறைகளாகப் பிரித்திருப்பார்கள். கொழுப்பு மேலே மிதக்கும். தண்ணீர் அடியில் இருக்கும் குழாய் வழியாக அடுத்த அறைக்குப் போகும். மூன்றாவது அறையிலிருந்து வெளியே வருவது வெறும் அழுக்குத் தண்ணீர், கொழுப்பு இருக்காது. அதன் மூடியைத் திறந்து சுத்தம் செய்யும் ஆட்களை மேற்பார்வை பார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. பெங்களூரில் அதை நான் பார்க்காத வாரம் இல்லை. என் வீட்டுக்காரியின் கடைக்கு அப்படி ஒன்று வேண்டும் என்று நினைத்ததில்லை.

சொன்னேன். "அப்ப நமக்கும் ஒண்ணு கட்டுங்க," என்றாள்.

பின்கட்டில் கொத்தனாரை வைத்துக் கட்டினோம். படம் வரைந்தது நான். சுவர் ஓட்டையை அடைத்துவிட்டு, எல்லாத் தண்ணீரும் தொட்டிக்குள் போகும்படி தரையைச் சரித்தோம். எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த திங்கட்கிழமை பாத்திரங்கள் வந்தன, கழுவினார்கள், நான் மூன்றாவது அறையின் மூடியைத் திறந்து பார்த்தேன். பால்போல வெள்ளைத் தண்ணீர், மேலே எண்ணெய்ப் பளபளப்பு. கொழுப்பு அப்படியே போய்க்கொண்டிருந்தது.

தொட்டி சின்னதாகப் போய்விட்டது, இன்னொன்று கட்ட வேண்டும் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். என் மனைவி முதல் அறையில் கையை விட்டாள். "சூடா கீது," என்றாள். "சூடா இருந்தா கொழுப்பு எப்படிங்க உறையும்? நாமளே வெந்நி ஊத்திக் கரைச்சி, சோப்பும் போட்டு அனுப்பறோம். அது எங்க மேல வரும்?"

தொட்டியில் குறையில்லை. கழுவுகிற முறைதான் தப்பு. தண்ணீர் படுவதற்கு முன்பே கொழுப்பை எடுத்துவிட வேண்டும். அதற்குமேல் அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பின்கட்டில் அவளும் அந்த மூன்று பெண்களும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். செய்தித்தாள் கிழிந்துபோனது. தேங்காய் நார் வழுக்கியது. தவிடு நன்றாக உறிஞ்சியது, ஆனால் மாட்டுக்குப் போடுவதை இதற்குப் போடுவதா என்று அவர்களில் ஒருத்தி முகம் சுளித்தாள். கடைசியில் மரக்கடையிலிருந்து ஒரு மூட்டை மரத்தூள் வந்தது. தேக்சாவுக்குள் ஒரு படி மரத்தூளைக் கொட்டி, பழைய சாக்கை வைத்துச் சுற்றிச் சுற்றித் தேய்த்தால் கொழுப்பு முழுவதும் தூளோடு வந்துவிட்டது. உள்ளே உலோகம் தெரிந்தது. அதற்குப் பிறகு வெதுவெதுப்பான தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் போதும். ஆசிட்டை நிறுத்திவிட்டார்கள். தேய்க்கிற பெண்களில் மூத்தவர் தன் விரல்களைக் காட்டி, "அக்கா, தோலு உரியறது நின்னுப் போச்சி," என்றபோது நீங்கள் என் மனைவியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

கொழுப்பு ஏறிய மரத்தூள் என்ன ஆயிற்று என்றால், அது விறகைவிட நன்றாக எரிந்தது. அதையே வெந்நீர் அடுப்பில் போட்டோம். கொஞ்ச நாள் புகையில் கண் எரிந்தது. நான் தொழிற்சாலையில் வீணாகக் கிடந்த தகரத்தைக் கேட்டு வாங்கி வந்து உயரமாகப் புகைபோக்கி வைத்ததும் சரியாகிவிட்டது.

ஆனால் வேலை நேரம் கூடிவிட்டது. அதனால் என் மனைவி ஒரு சட்டம் போட்டாள்: பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது மீதிச் சோறும் குழம்பும் வழித்து எடுத்திருக்க வேண்டும். வழித்ததைத் தனி டிரம்மில் போட்டால், லைனில் பன்றி வளர்ப்பவர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள். இதை வாடகைக்கு எடுக்கும்போதே எல்லோரிடமும் சொன்னாள்.

எல்லோருக்கும் இது பிடிக்கவில்லை. மகன் கல்யாணத்தை முடித்துவிட்டு வந்த ஒரு பெரியவர் கடை வாசலிலேயே சத்தம் போட்டார். ஓய்வுபெற்ற மேஸ்திரி, எங்கள் இருவருக்கும் தூரத்துச் சொந்தம்கூட.

"வாடக குடுக்கறோம்மா நாங்க. சுரண்டிக் குடுக்கறதும் நாங்க தானா? அப்ப நீ எதுக்குக் கடை வெச்சிக்கினு கீற?"

"நீங்க சாப்ட்ட கொழுப்பு ஏரிக்குப் போவுது மாமா. அங்க ஒரு அம்மா அடைச்ச குழாய குத்திக்கினு உக்காந்துக்கீறாங்க. ஒரு நாளு வாங்க, இட்டுக்கினு போறேன்."

"எனக்கு வேற வேல கீது," என்று போய்விட்டார். அடுத்த விசேஷத்துக்கு அவர் பக்கத்துக் கடையில் எடுத்தார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் அங்கே போனார்கள். பக்கத்துக் கடைக்காரர் வெந்நீர் ஊற்றிக் கழுவிக் காவாவில்தான் விட்டுக்கொண்டிருந்தார். அவருடைய வியாபாரம் எங்கள் கண் முன்னாலேயே வளர்ந்தது. நான் ஒருநாள் மெதுவாக, "கொஞ்சம் விட்டுக்குடுத்துப் போலாமா?" என்று கேட்டேன்.

"எத்த விட்டுக்குடுக்கறது? தொட்டிய மூடிடலாமா?"

நான் தொட்டியின் மூடியைத் திறந்து, மேலே மிதந்த கொழுப்பை வழிக்கப் போனேன்.

அவள் பக்கத்துக் கடைக்குப் போய்ப் பேசினாள். ஓட்டலுக்குப் போய்ப் பேசினாள். ஓட்டல்காரர் மரியாதையான மனிதர், உட்கார வைத்து டீ கொடுத்தார். "காவா முனிசிபாலிட்டி சமாச்சாரம் சிஸ்டர். அவங்க தான் பாக்கணும். நான் ஒருத்தன் தொட்டி கட்டினா ஊரு சுத்தமாயிடுமா?" என்றார். முனிசிபாலிட்டியில் கேட்டால், பாதாளச் சாக்கடைத் திட்டம் வருகிறது, வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். எங்கள் சின்ன வயதிலிருந்து வந்துகொண்டிருக்கிற திட்டம் அது.

நாங்கள் பௌத்தர்கள். என் தாத்தா மைன்ஸில் வேலை செய்த காலத்திலேயே மாறிய குடும்பம். ஆனால் கடையின் பெரிய சீசன் டிசம்பர்தான். கிறிஸ்துமஸுக்கு ஒவ்வொரு சபையிலும் ஐக்கிய விருந்து நடக்கும். பிரியாணி ஆர்டர் முழுக்க அந்த ஓட்டலுக்குத்தான் போகும். அவ்வளவையும் ஒரே நேரத்தில் இறக்க வேண்டுமென்றால் எங்கள் கேன்டீன் தேக்சாக்கள் இல்லாமல் முடியாது. வருஷா வருஷம் ஓட்டல்காரர் நவம்பரிலேயே ஆள் அனுப்பிச் சொல்லிவைப்பார். அந்த வருஷமும் ஆள் வந்தான்.

"பெரிய தேக்சா இல்லன்னு சொல்லு," என்றாள் என் மனைவி.

தேக்சாக்கள் அவன் கண்ணெதிரே கவிழ்ந்திருந்தன. அவன் அவற்றைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் ஓட்டல்காரரே வந்தார்.

"இன்னா சிஸ்டர், இல்லன்னு சொன்னீங்களாம்? வேற யாராவது சொல்லி வெச்சிட்டாங்களா?"

"யாரும் சொல்லல அண்ணா. இங்க தான் கீது."

"அப்புறம்?"

"நம்ம தேக்சால செஞ்ச பிரியாணி எண்ணெ நம்ம காவால போவக்கூடாது. நீங்க தொட்டி கட்டுங்க, நான் தேக்சா தரேன். கட்ற வரைக்கும் வேற எதுனா கேளுங்க, கரண்டி, அண்டா, அடுப்பு, எல்லாம் எடுத்துக்கங்க."

அவர் சிரித்தார். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தார். அவள் சிரிக்கவில்லை. அன்றைக்கும் திங்கட்கிழமை. அவர் என்னைப் பார்த்து, "இன்னா சார், நீங்களாவது சொல்லுங்க," என்றார். அந்த நேரத்தில் என் மனசில் ஓடியதெல்லாம் வேறு. டிசம்பர் போனால் எங்களுக்கு அந்த வருஷமே போன மாதிரி. ஏற்கெனவே ஆட்கள் பக்கத்துக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஆனால் அவள் நின்ற விதத்தைப் பார்த்தபோது, அவளுக்கு எதிராக ஒரு வார்த்தை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

"கடை அவங்களுது சார்," என்றேன். "தொட்டி எப்படிக் கட்றதுன்னு கேளுங்க, அத்த வேணா நான் சொல்றேன்."

அவர் கோபமாகத்தான் எழுந்து போனார். பங்காரப்பேட்டையில் தேடினார், கோலாரில் தேடினார் என்று பிறகு கேள்விப்பட்டோம். அங்கே கிடைத்திருந்தாலும் கிடைத்திருக்கும். ஆனால் அவர் வேறொரு காரியமும் செய்தார். தக்காளிக்காரரின் தோட்டத்துக்கு யாரிடமும் சொல்லாமல் தனியாகப் போய்ப் பார்த்திருக்கிறார். இதை அவர் எங்களிடம் சொல்லவில்லை. தக்காளிக்காரர்தான் சொன்னார். வரப்பில் நின்று ஒரு குழாயைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு போனாராம்.

அந்த வாரமே கொத்தனாரின் நம்பர் கேட்டு எனக்கு போன் செய்தார். அவருடைய பின்கட்டு குறுகலானது. தொட்டியை நீளவாக்கில் போட வேண்டியிருந்தது. நான் விடுமுறை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். என் மனைவி மரத்தூளை எப்படிப் பயன்படுத்துவது என்று அவருடைய ஆட்களுக்குக் காட்டிக் கொடுத்தாள். டிசம்பர் பிறந்ததும் தேக்சாக்கள் ஓட்டலுக்குப் போயின. திரும்பி வந்தபோது உள்ளே துடைத்து வந்திருந்தன.

ஓட்டல் கட்டியதும் மற்றதெல்லாம் கொஞ்சம் சுலபமாயிற்று. வாட்டர் சர்வீஸ் நடத்துகிற இளைஞன் தானாகவே வந்து, ஆயிலுக்கும் இதே மாதிரி தொட்டி உதவுமா என்று என்னிடம் கேட்டான். உதவும், ஆனால் எடுத்த ஆயிலை எரிக்கக் கூடாது, வாங்குகிறவர்களிடம் கொடுக்க வேண்டும் என்றேன். பக்கத்துப் பாத்திரக் கடைக்காரர்தான் கடைசிவரை பிடிவாதமாக இருந்தார். அவரை மாற்றியது நாங்கள் இல்லை, அவரிடம் தேய்க்கிற பெண்கள். எங்கள் கடையில் ஆசிட் இல்லை என்று தெரிந்ததும், அங்கேயும் மரத்தூள் வாங்கிப் போடச் சொல்லி ஒரு காலையில் எல்லோரும் வேலையைத் தொடாமல் உட்கார்ந்துவிட்டார்கள். கறிக்கடைகள் இன்னும் மசியவில்லை. என் மனைவி விடுவதாக இல்லை. ஆட்டு ரத்தத்தை வாங்கிக்கொள்ள உரம் தயாரிக்கிற ஆள் யாராவது கிடைப்பார்களா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.

காவா இளநீர் மாதிரி ஆகிவிட்டது என்று சொன்னால் அது பொய். வீட்டுச் சாக்கடை அதில்தான் போகிறது, பிளாஸ்டிக் அதில்தான் விழுகிறது. ஆனால் அந்தக் கொழுப்புப் படலம் போய்விட்டது. ஏரி மூலையில் கோரைப்புல்லின் அடி பச்சையாகத் தெரிகிறது. தக்காளிக்காரர் ஃபில்டரை இன்னும் கழற்றிக் கழுவத்தான் வேண்டியிருக்கிறது, ஆனால் பாசிதான் வருகிறது, கிராம்பு வருவதில்லை. இதை அவரே கடைக்கு வந்து சொன்னார். அன்றைக்கு ஒரு கூடை தக்காளி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். என் மனைவி அதைத் தேய்க்கிற பெண்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு எடுத்து வந்தாள்.

போன வருஷம் ரயிலில் ஒன்று நடந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவர் எங்கள் ஊரை அடுத்த ராபர்ட்சன்பேட்டைக்காரர், எனக்கு முகப் பழக்கம்கூட இல்லை. மகள் கல்யாண ஏற்பாட்டைப் பற்றிப் பக்கத்தில் இருந்தவரிடம் புலம்பிக்கொண்டு வந்தார்.

"ஆண்டர்சன்பேட்டையில ஒரு அம்மா கீது. பெரிய தேக்சா அது கிட்ட தான் கீதாம். போனா, எங்க சமைக்கறீங்க, கழுவற தண்ணி எங்க போவும்னு கேக்குது. நான் இன்னா இஞ்சினியரா? கல்யாண மண்டபத்துக்காரன இட்டுக்கினு வான்னு சொல்லுது. மண்டபத்துக்காரன் போய்ப் பேசினா, அவன் இப்ப தொட்டி கட்டிக்கினு கீறான். எம்மாந் திமிரு பாரு."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அது என் வீட்டம்மா தாங்க," என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "சார், தப்பா எடுத்துக்காதீங்க," என்றார்.

"தப்பே இல்ல. நீங்க சொன்னது எல்லாம் நெசம். எனக்கும் அதே கேள்வி தான் வீட்ல." இப்போது எல்லோரும் சத்தமாகச் சிரித்தார்கள், அவரும் சேர்ந்து. இறங்கும் முன்பு கல்யாணத்துக்கு எங்கள் இருவரையும் அழைத்தார். போனோம். பிரியாணி நன்றாக இருந்தது. சாப்பிட்டு முடித்ததும் என் மனைவி கை கழுவப் போகிற சாக்கில் மண்டபத்தின் பின்பக்கம் போய்த் தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள். பட்டுப் புடவையில் குனிந்து நின்றவளைப் பெண் வீட்டார் விநோதமாகப் பார்த்தார்கள். நான் அவளுடைய கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு நிமிர்ந்து நான் எந்தக் கல்யாணத்திலும் நின்றதில்லை.

சில மாதங்களுக்கு முன்பு ராபர்ட்சன்பேட்டையில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருப்பவர்கள் ஒன்றுகூடி அவளை வரச் சொன்னார்கள். அவர்கள் பக்கத்துக் காவா வேறு, அது வேறு ஏரிக்குப் போகிறது. முனிசிபாலிட்டியிலிருந்தும் ஒரு அதிகாரி வந்திருந்தார். அவருக்குக் கன்னடத்தில், கடைக்காரர்களுக்குத் தமிழில், தேய்க்கிற பெண்களில் சிலருக்குத் தெலுங்கில் என்று மாற்றி மாற்றிப் பேசினாள். மேடை எதுவும் இல்லை. ஒரு கடையின் பின்கட்டில், கவிழ்த்து வைத்த அண்டாவின்மேல் கையை ஊன்றிக்கொண்டு பேசினாள். அதிகாரி ஏதோ சந்தேகம் கேட்டார். அவள் என்னைத் திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னாள். அது நான் சொல்லியிருக்கக்கூடிய பதிலைவிடச் சுருக்கமாகவும் தெளிவாகவும் இருந்தது.

பேசி முடித்ததும், "இன்னாங்க, அந்த டேப்ப எடுங்க," என்றாள். ஒரு முனையை நான் பிடித்தேன், மறுமுனையைக் கடைக்காரர் பிடித்தார். சுவரிலிருந்து காவாவரை எவ்வளவு, தரை எந்தப் பக்கம் சரிகிறது என்று அவள் சொல்லச் சொல்ல, அந்தத் தெருவின் முதல் தொட்டிக்கு அளவு எடுத்தோம்.